ஏறி ஆடும் பையனை எடைபோடுவது எப்படி? ஐஸ் ஹாக்கிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்கழி மாதம் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீதியில் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் என் செல்பேசியில் ஸ்கேட் கத்தி ஐஸைச் சுரண்டும் சத்தம் கேட்கும். கனடா, அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் அப்போது முந்தின நாள் இரவு ஏழு மணி. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் ஆட்டங்கள் தொடங்குகிற நேரம்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் சரக்கு எடுக்கும் மான்ட்ரியல்காரர் ஒருவர் துணியின் கனம், சாயத்தின் ஒட்டம் எல்லாம் பேசி முடித்ததும் ஹாக்கிக்குத் தாவிவிடுவார். அதுவரை எனக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டிதான். அவர் பேச்சைப் பின்தொடர ஆரம்பித்து, இன்றைக்கு அலுவலகத்தில் ஆறு பேருக்கு இந்தப் பித்து. வருடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஓர் இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிறோம். மூன்று வருடம் கழித்து யாருடைய ஆள் தேறினார் என்று பார்க்கிறோம். தோற்றவர் ஒரு மாதம் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும்.

முதல் இரண்டு முறையும் வாங்கித் தந்தவன் நான். இரண்டு முறையும் நான் எடுத்தது ஏறி ஆடும் தடுப்பாட்டக்காரனைத்தான், அதாவது காவல் வரிசையில் இருந்துகொண்டே தாக்கவும் ஏறிப்போகிறவனை. இரண்டு முறையும் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துத்தான் எடுத்தேன்.

எங்கள் பூர்விகம் காங்கேயம் பக்கம். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கு அப்பாரு என்னைக் கூட்டிப்போவார். கன்று வாங்க வந்தவர்கள் கொம்பையும் திமிலையும் சுழியையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் கயிறு பிடித்தவரிடம், “கொஞ்சம் நடத்திக் காட்டுங்கள்” என்பார். கன்று எதிர்ப்பக்கம் நடந்து போகும். இவர் பின்னால் நின்றுகொண்டு, முன்னங்கால் எடுத்த தடத்தில் பின்னங்கால் விழுகிறதா என்று பார்ப்பார். “வருகிற மாட்டை எல்லோரும் பார்ப்பார்கள் கண்ணு, நீ போகிற மாட்டைப் பார்” என்பார்.

ஏறி ஆடும் பையனையும் அவன் தன் கோல் பக்கம் திரும்பி ஓடும்போதுதான் பார்க்க வேண்டும் என்பது எனக்கு எட்டுவதற்குள் இரண்டு மாத டீச்செலவு ஆகிவிட்டது. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஏற்கெனவே தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். களம் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகை, பலகைக்கு மேல் கண்ணாடி. அணிக்கு ஐந்து பேர், கூட ஒரு கோல்கீப்பர். ஐவரில் மூவர் முன்வரிசை, இருவர் பின்வரிசை. இந்தப் பின்வரிசைக்காரர்களைத்தான் டிஃபென்ஸ்மேன் என்கிறார்கள். நான் தடுப்பாட்டக்காரர் என்று எழுதுகிறேன். பந்துக்குப் பதில் பக் என்ற கெட்டி ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஒருவர் தொடர்ந்து முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் உள்ளே குதிப்பார்.

களத்தை இரண்டு நீலக்கோடுகள் மூன்றாகப் பிரிக்கின்றன. பக்குக்கு முன்னால் நம் ஆள் எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டினால் ஆஃப்சைடு. உள்ளே போன பக் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டால், தாக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வெளியே வந்துதான் மறுபடி நுழைய வேண்டும். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

தடுப்பாட்டக்காரரின் அடிப்படை வேலை காவல். காவலும் காத்து, பக்கோடு ஏறிப்போய்த் தாக்குதலையும் நடத்துகிறவரே ஏறி ஆடும் தடுப்பாட்டக்காரர். இந்த வகையை உலகத்துக்குக் காட்டியவர் பாஸ்டன் அணியின் பாபி ஆர். 1969-70இல் 120 புள்ளிகள், 1974-75இல் 135 புள்ளிகள் எடுத்து இரண்டு முறை லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். முன்வரிசைக்காரர்களையும் சேர்த்து முதலிடம். இன்றுவரை வேறெந்தத் தடுப்பாட்டக்காரரும் அதைச் செய்ததில்லை.

படி 1: புள்ளியை ஒடித்துப் பாருங்கள்

கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் பக்கைத் தொட்டுக் கொடுத்த இருவர் வரை ஆளுக்கு ஒரு புள்ளி. அதற்கு அசிஸ்ட் என்று பெயர். பட்டியலில் மூன்றும் ஒரே எடைதான். கோல் வாயில் இருப்பவருக்கு நேராகப் பக்கை வைத்தவனுக்கும், அதற்கு முன்னால் அறுபது அடி தள்ளி நின்று பக்கத்து ஆளிடம் சும்மா உருட்டிவிட்டவனுக்கும் ஒரே புள்ளி. அதனால் முதல் அசிஸ்ட் எத்தனை, இரண்டாம் அசிஸ்ட் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாம் அசிஸ்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். இந்த வருடம் கொட்டும், அடுத்த வருடம் வற்றும்.

அடுத்தது பவர் பிளே. எதிரணி ஆள் ஒருவர் தவறு செய்து இரண்டு நிமிடம் வெளியே உட்காரும்போது ஐந்துக்கு நால்வர் என்று ஆட்டம் நடக்கும். இப்போதெல்லாம் பெரும்பாலான அணிகள் பவர் பிளேயில் முன்வரிசைக்காரர் நால்வரையும் தடுப்பாட்டக்காரர் ஒருவரையும் இறக்குகின்றன. அந்த ஒருவன் உச்சியில் நின்று இடப்பக்கமும் வலப்பக்கமும் நட்சத்திரங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாலே புள்ளி சேரும். பையனின் புள்ளிகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தது என்றால் சந்தேகப்படுங்கள். நிராகரிக்க வேண்டாம், ஐந்துக்கு ஐந்து நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று தனியாகப் பாருங்கள். பெரிய லீக்குக்குப் போனதும் அவனுக்கு முதலில் பறிபோவது இந்தப் பவர் பிளே நாற்காலிதான். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். மெருகு போட்ட விரலி எல்லாம் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் மினுங்கும். வியாபாரி ஒன்றை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி என்று பார்த்த பிறகுதான் விலை கேட்பார்.

ஒடிக்காமல் வாங்கினால் என்ன ஆகும்? கனடாவின் ஒன்டாரியோ இளையோர் லீக்கில் 2010-11இல் ரயன் மர்பி என்ற தடுப்பாட்டக்காரர் 79 புள்ளிகள் எடுத்தார். அந்த வயதுக்குக் கண்ணைப் பறிக்கும் கணக்கு. என்.எச்.எல். அணிகள் வருடந்தோறும் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2011 டிராஃப்டில் கரோலைனா அணி அவரைப் 12ஆவதாக எடுத்தது. என்.எச்.எல்.லில் அவர் 200 ஆட்டங்களை எட்டவில்லை. அதே டிராஃப்டில் ஒன்பதாவதாகப் போன டக்கி ஹாமில்டன் இன்னும் முன்னணியில் ஆடிக்கொண்டிருக்கிறார். மர்பியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலை நான் அன்றைக்குப் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவரைத்தான் எடுத்திருப்பேன்.

கூட்டல் கழித்தல் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆள் களத்தில் இருக்கும்போது தன் அணி கோல் போட்டால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். பவர் பிளேயில் போட்ட கோல் மட்டும் இதில் சேராது. புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். எரிக் கார்ல்சன் 2022-23இல் சான் ஹோசே அணிக்கு ஆடி 101 புள்ளிகள் எடுத்தார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையையும் வாங்கினார். அந்த வருடம் அவருடைய கூட்டல் கழித்தல் கணக்கு கழித்தல் 26. அணி அத்தனை மோசம். இந்த எண்ணை வைத்து இளம் பையனைத் தீர்ப்பு சொல்கிறவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

படி 2: வயது, லீக்

டிராஃப்டில் நுழைய அந்த வருடம் செப்டம்பர் 15க்குள் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். செப்டம்பர் 14 அன்று பிறந்தவனும் அதற்கு முந்தைய அக்டோபரில் பிறந்தவனும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி. பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு வருடம் என்பது சாதாரணம் இல்லை. சம புள்ளி என்றால் சின்னவனுக்குக் கூடுதல் மதிப்பு கொடுங்கள்.

ஆனால் இதையே வேதமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. என்.எச்.எல்.லில் பேர்பெற்ற ஏறி ஆடும் தடுப்பாட்டக்காரர்களான கேல் மக்கார், குவின் ஹியூஸ், எவன் புஷார் மூவருமே அக்டோபரில் பிறந்தவர்கள், தங்கள் பட்டியலில் மூத்தவர்கள். “வயது முற்றிய பையன்” என்று தள்ளியிருந்தால் மூன்று மாணிக்கங்கள் கைநழுவியிருக்கும்.

லீக்கும் அப்படித்தான். ஸ்வீடனின் மேல்மட்ட லீக்கில் பெரிய ஆட்களோடு ஆடி 15 புள்ளி எடுக்கும் 18 வயதுக்காரன், இளையோர் லீக்கில் 60 எடுத்தவனைவிட மேலாக இருக்கக்கூடும். பள்ளி விடுமுறையில் ஊர் மைதானத்தில் சிக்ஸர் அடிப்பவனும் முதல் டிவிஷனில் முப்பது ரன் எடுப்பவனும் ஒன்றா? ஆனால் மக்கார் ஆடியது ஆல்பர்ட்டா மாகாணத்தின் இரண்டாம் நிலை இளையோர் லீக். அங்கே எடுத்த புள்ளிக்கு என்ன மதிப்பு என்று பலர் கேட்டார்கள். கொலராடோ அணி 2017இல் அவரை நான்காவதாக எடுத்தது. கண்ணால் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

படி 3: பக்கை மறந்துவிட்டு முதுகைப் பாருங்கள்

இதுதான் மையம். மற்றப் படிகளை நீங்கள் அரைகுறையாகச் செய்தாலும் இதைச் சரியாகச் செய்துவிடுங்கள்.

ஓர் ஆட்டம் முழுவதும் அந்தப் பையனின் முதுகு எண்ணை மட்டும் பாருங்கள். பக் எங்கே போனாலும் கண் அவனை விட்டு நகரக் கூடாது. முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும். கோல் விழும், கூட்டம் கத்தும், நீங்கள் ஒன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை.

காத்திருக்க வேண்டிய காட்சி இது. எதிரணி நடுக்கோட்டைத் தாண்டியதும் பக்கை நம் பக்க மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தும். பையன் தன் கோலை நோக்கித் திரும்பி ஓட வேண்டும். முதுகுக்குப் பின்னால் தொண்ணூறு கிலோ ஆள் ஒருவர் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பார். இரண்டு விநாடிக்குள் பக்கை எடுத்து, முடிவும் செய்தாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் இது பலமுறை நடக்கும். ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

பக்கைத் தொடுவதற்கு முன்னால் தலை திரும்புகிறதா? நல்லவன் ஒரு தோளுக்கு மேல் பார்த்து, மறு தோளுக்கு மேலும் பார்த்துவிடுவான். பக்கை எடுத்த பிறகு நிமிர்ந்து பார்ப்பவனுக்கு அதற்குள் இடி விழுந்திருக்கும்.

பக்கை எடுக்கும் கணத்தில் அவன் பாதம் எந்தத் திசையில் இருக்கிறது? பலகையைப் பார்த்து நின்றால் மாட்டிக்கொண்டான். பக்கவாட்டில் வளைந்து வந்து, எடுக்கும்போதே பாதி திரும்பியிருந்தால் வெளியேற வழி இருக்கும்.

துரத்தி வருகிறவரை ஏமாற்றுகிறானா? ஒரு தோளைச் சாய்த்து இடப்பக்கம் போவதுபோல் காட்டிவிட்டு வலப்பக்கம் நழுவுவது. அல்லது கொடுப்பதுபோல் ஸ்டிக்கை உயர்த்தி, கொடுக்காமல் வலைக்குப் பின்னால் போய்விடுவது.

கடைசியில் பக் எங்கே போகிறது? தானே எடுத்துக்கொண்டு வெளியேறலாம். தன் ஆளின் ஸ்டிக்கில் வைக்கலாம். கண்ணாடியில் ஓங்கி அடித்து வெளியே தள்ளிவிடலாம். மூன்றாவதைச் செய்தால் ஆபத்து தற்காலிகமாகத் தீரும். பக் எதிரணிக்கே திரும்பப் போகும்.

போன பருவத்தில் இளையோர் ஆட்டம் ஒன்றில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். பையன் ஒல்லி. பக் வலது மூலைக்கு உருண்டது. அவன் ஓடும்போதே இடது தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்தான், ஒருவர் நெருங்குகிறார். இன்னும் இரண்டு எட்டு வைத்து வலது தோளுக்கு மேல் பார்த்தான். இரண்டாமவர் பலகை ஓரமாகப் போகும் பாதையை அடைக்கிறார். பக்கின் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தான். எனக்குப் பதறியது. துரத்தியவர் அவன் நிற்கப்போகிறான் என்று நினைத்து நேராகப் பாய்ந்தார். பையன் குதிகாலை உள்ளே திருப்பி, அவர் கைக்கு அடியில் புகுந்து வலைக்குப் பின்னால் போனான். அவர் பலகையில் போய் மோதினார். மறுபக்கம் வெளியே வந்த பையன் நடுவில் ஓடிக்கொண்டிருந்த முன்வரிசைக்காரருக்கு ஒரு தட்டு தட்டினான். நீலக்கோட்டைத் தாண்டும்போது மூவருக்கு இருவர் என்று ஆட்டம் திரும்பியிருந்தது. அவர்கள் கோல் போட்டார்கள். பையனுக்கு அசிஸ்ட் கிடைக்கவில்லை. இடையில் இன்னும் இருவர் பக்கைத் தொட்டுவிட்டார்கள். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே அன்று வெறும் பூஜ்யம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கையோடு வெளியேறியது, தன் ஆளிடம் கொடுத்தது, தள்ளிவிட்டது அல்லது இழந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. மூன்று ஆட்டம் பார்த்தால் ஓர் உருவம் தெரிய ஆரம்பிக்கும், ஐந்து பார்த்தால் தைரியமாகப் பேசலாம். ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தள்ளிவிட்டது எல்லாமே தப்பில்லை. முக்கால் நிமிடம் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பையன் கண்ணாடியில் அடித்து வெளியே அனுப்பினால் அது புத்திசாலித்தனம். களத்துக்குள் வந்து பத்து விநாடியிலேயே, யாரும் பக்கத்தில் இல்லாதபோது அதைச் செய்தால்தான் கவலை.

படி 4: எதிரணி நீலக்கோட்டில் நடை

வெளியேறத் தெரிந்த பிறகுதான் தாக்குதல். மறுமுனையில் அவன் நிற்கும் இடம் எதிரணி நீலக்கோட்டின் மேல். பக் கோட்டைத் தாண்டி வெளியே போனால் தாக்குதலே கலைந்துவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் கோட்டின் மேல், பலகை ஓரத்திலிருந்து நடுவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, தடுக்க வருபவரை ஒருபக்கம் சாய வைத்து மறுபக்கம் வழி திறப்பதுதான் இந்த வகை ஆட்டக்காரரின் கைத்திறன். குவின் ஹியூஸ் ஆட்டம் ஒன்றை எடுத்து இதை மட்டும் பாருங்கள். அவர் இடுப்பு ஒரு திசை காட்டும், பாதம் வேறு திசை போகும்.

பையன் ஓங்கி அடிக்கிறானா என்பதைவிட, அடித்தது போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். முன்னால் நிற்பவர் காலில் பட்டுத் திரும்பும் இடியைவிட, மணிக்கட்டால் தட்டி, இடைவெளி பார்த்துத் தாழ்வாக அனுப்பும் பக் மேல். கோல் வாயில் நிற்கும் தன் ஆள் ஸ்டிக்கை நீட்டித் திசை மாற்றிவிடுவார்.

இங்கே தவறும் நடக்கும். கடைசி ஆள் அவன். பக்கைப் பறிகொடுத்தால் எதிரணி தனியாக ஓடிப்போய்க் கோல்கீப்பரைச் சந்திக்கும். ஏறி ஆடுகிறவன் மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி மானத்தை வாங்குவான். அது அந்தத் தொழிலின் செலவு. அதற்கு அடுத்து அவன் களத்துக்கு வரும்போது கவனியுங்கள். பயந்துபோய்ப் பக் கைக்கு வந்ததும் தள்ளிவிடுகிறானா, அல்லது மறுபடி அதே இடத்தில் நிதானமாகத் தலையை நிமிர்த்துகிறானா? இரண்டாவது வகையை எடுங்கள். தவறு செய்யாத பையனைத் தேடினால் ஏறாத பையன்தான் கிடைப்பான்.

படி 5: கால்

நேர்கோட்டில் பறக்கிறவனைப் பார்த்து மயங்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று எட்டில் எவ்வளவு தூரம் போகிறான், பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருந்துவிட்டு முன்பக்கம் திரும்பும்போது வேகம் சிந்துகிறதா என்பதைப் பாருங்கள். வேகத்தை வளர்க்க முடியும், திரும்பும் பழக்கத்தை மாற்றுவது சிரமம். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஐஸில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். நான் ஐஸைப் பார்த்தது கரும்பு ஜூஸ் கடையில்.

படி 6: உயரம்

ஆறடிக்குக் கீழே என்றால் முகம் சுளிப்பது பழைய வழக்கம். லேன் ஹட்சன் ஐந்தடி ஒன்பது அங்குலம். 2022இல் மான்ட்ரியல் அணி அவரை எடுக்கும்போது 61 பேர் முன்னால் போய்விட்டிருந்தார்கள். 2024-25இல் முதல் முழுப் பருவத்திலேயே 66 புள்ளிகள், அதில் 60 அசிஸ்ட். லாரி மர்பி 1980-81இல் வைத்த அறிமுக ஆண்டுத் தடுப்பாட்டக்காரர் அசிஸ்ட் சாதனையைத் தொட்டார். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் அவருக்குத்தான். எங்கள் மான்ட்ரியல்காரர் அந்தப் பருவம் முழுக்க ஆர்டர் பற்றிப் பேசவே இல்லை. ஆடம் ஃபாக்ஸ் 2016இல் 66ஆவதாகப் போனவர். 2021இல் நாரிஸ் வாங்கினார்.

இதைக் கேட்டுவிட்டுச் சின்னப் பையன்களாகப் பார்த்து எடுக்காதீர்கள். தேறிய சின்னவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. தேறாதவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்குச் சொல்வதில்லை. சின்ன உடம்புக்காரன் படி 3இல் சொன்ன காட்சியில் சராசரியாக இருந்தால் போதாது. அவன் அங்கே அபாரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மோதலில் பிழைக்க அவனுக்கு வேறு வழி கிடையாது.

படி 7: கூட யார், எதிரே யார்

பையன் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்று பாருங்கள். இளையோர் அணியில் பயிற்சியாளர் நம்பும் தடுப்பாட்டக்காரர் இருபது நிமிடத்துக்கு மேல் ஆடுவார். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசி இரண்டு நிமிடம் அவனை இறக்குகிறாரா, உட்கார வைக்கிறாரா? பயிற்சியாளர் தினமும் பார்ப்பவர். அவர் வாயைவிட அவர் அனுப்பும் ஆள் உண்மையைச் சொல்வார்.

இணை யார் என்பதும் முக்கியம். பொறுப்பான ஒருவர் பின்னால் நின்று அடைத்துக்கொண்டால் மற்றவன் தாராளமாக ஏறலாம். கொலராடோவில் மக்காருக்கு டெவன் டேவ்ஸ் அப்படி அமைந்தவர். உங்கள் பையனின் இணை மாறியதும் ஆட்டம் சரிகிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: நிறம் மாறும்வரை

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதம் போல ஆகும்போது மயிலை நிறத்துக்கு வந்துவிடும். வெளியூர்க்காரர் செவலைக் கன்றைப் பார்த்து இது காங்கேயமே இல்லை என்று சொன்னால் உள்ளூர்க்காரர் சிரிப்பார்.

தடுப்பாட்டக்காரர்கள் முன்வரிசைக்காரர்களைவிடத் தாமதமாகத்தான் நிறம் மாறுவார்கள். எவன் புஷாரை எட்மன்டன் 2018இல் பத்தாவதாக எடுத்தது. அதற்கடுத்த பருவம் என்.எச்.எல்.லில் ஏழே ஆட்டம். திரும்ப இளையோர் லீக். பிறகு கீழ் லீக்கான ஏ.எச்.எல்., பிறகு கொஞ்ச காலம் ஸ்வீடன். நிலையான இடம் கிடைத்தது 2021-22இல்தான். 2023-24இல் 82 புள்ளிகள். 2020இல் “இந்தப் பையன் தேற மாட்டான்” என்று எழுதியவர்கள் இப்போது வேறு யாரைப் பற்றியோ எழுதிக்கொண்டிருப்பார்கள்.

மக்கார் எடுக்கப்பட்டதும் நேராகப் பெரிய லீக்குக்குப் போகவில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடினார். முதல் வருடம் 34 ஆட்டங்களில் 21 புள்ளி, இரண்டாம் வருடம் 41 ஆட்டங்களில் 49. இந்த ஏற்றத்தைத்தான் தேட வேண்டும். 18 வயதில் 50, 19இல் 52, 20இல் 51 என்று நிற்பவனைவிட 20, 35, 55 என்று ஏறுகிறவன் நல்ல கன்று. மக்கார் 2022இல் நாரிஸ் கோப்பையையும், லீக் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் ஆடி, பிளே-ஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார்.

என் கணக்கில் 22 வயது வரை தடுப்பாட்டக்காரனைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்லக் கூடாது. அலுவலகப் போட்டியில் இதனால்தான் மூன்று வருடத்தை நான்காக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மற்ற ஐவரும் முன்வரிசைக்காரர்களையே எடுப்பவர்கள். ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

கை பழக ஒரு பயிற்சி

2018 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பன்னிரண்டு இடங்களுக்குள் ஏறி ஆடும் தடுப்பாட்டக்காரர்கள் ஐந்து பேர்: முதலாவதாக ராஸ்மஸ் டாலின், ஏழாவதாகக் குவின் ஹியூஸ், எட்டாவதாக ஆடம் போக்விஸ்ட், பத்தாவதாக எவன் புஷார், பன்னிரண்டாவதாக நோவா டாப்சன். நால்வர் தங்கள் அணிகளின் தூண்களானார்கள். போக்விஸ்ட் அணி விட்டு அணி மாறிக்கொண்டிருந்தார். ஐவரின் இளையோர் கால ஆட்டத் துண்டுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. கோல் தொகுப்புகளை விட்டுவிட்டு, நீண்ட காட்சிகளாகத் தேடி எடுங்கள். ஐவரும் தங்கள் மூலைக்குத் திரும்பி ஓடும் காட்சிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். பெயர்களை மறைத்து, நண்பர் ஒருவரிடம் காட்சிகளை ஓடவிடச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

நேர விஷயம் ஒன்று. நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் தொடக்கம் வரை கிழக்குப் பகுதி ஆட்டங்கள் நமக்குக் காலை ஐந்தரைக்கு. மற்ற மாதங்களில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் நாலரைக்கு. மேற்குக் கரை ஆட்டங்கள் குளிர்காலத்தில் எட்டரை மணிக்கு மேல்தான் தொடங்கும். அலுவலகம் போகிறவர்கள் மேற்குக் கரைப் பையனை எடுத்தால் கஷ்டப்படுவீர்கள்.

இந்த வருடம் நான் எடுத்திருக்கும் பையன் தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களிலேயே புள்ளியில் மூன்றாமவன். பெயரைச் சொன்னதும் ஐவரும் சிரித்தார்கள். போண்டாக் கடைக்காரர்கூடச் சிரித்தார், அவருக்கு என்ன புரிந்ததோ. என் நோட்டில் நான்கு ஆட்டத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவன் திரும்பி ஓடியது 31 முறை. கையோடு வெளியேறியது ஒன்பது, தன் ஆளிடம் கொடுத்தது பதினான்கு, தள்ளியதும் இழந்ததும் எட்டு. ஐந்தாவது ஆட்டம் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு.